ஹிபெர்னியா நிலக்கரிக் கம்பெனி: எந்த ஆண்டு சரி, ஆவணங்கள் எங்கே?

பழுப்பேடு கேட்டது:

வணக்கம். ஜெர்மனியின் ரூர் பகுதியில் இயங்கிய ஹிபெர்னியா நிலக்கரிக் கம்பெனியின் வரலாற்றைத் தமிழில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். தலைமையகம் ஹெர்னெ நகரில் இருந்தது என்பதைத் தவிர, எடுத்த குறிப்புகளில் ஒன்றோடொன்று ஒத்துப்போவது எதுவும் இல்லை. தொடக்க ஆண்டு ஓரிடத்தில் 1855, இன்னோரிடத்தில் 1873, மற்றோரிடத்தில் 1935. வில்லியம் தாமஸ் மல்வானி தொடங்கியவை ஹிபெர்னியா, ஷாம்ராக், எரின் என்று மூன்று சுரங்கங்கள் என்கிறார்கள். கம்பெனியின் சுரங்கப் பட்டியலில் எரின் இல்லவே இல்லை. உற்பத்திக் கணக்கு அதைவிட மோசம்: ஒரே சுரங்கம், ஒரே ஆண்டு, மூன்று எண்கள். 1860களின் எண்கள் 1870களின் எண்களைவிடப் பல மடங்கு பெரிதாக நிற்கின்றன. அது நடக்கிற காரியமா?

மூல ஆவணங்களையே பார்த்துவிடலாம் என்றால், கம்பெனியே இப்போது இல்லை. யாருக்கு எழுதுவது? தொலைவிலிருந்தபடி எவ்வளவு பார்க்க முடியும்? பழைய ஜெர்மன் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெரியும்.

மூன்றாம்தளம்:

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுவோம். சுரங்கம் வேறு, கம்பெனி வேறு, நிலத்தடியில் கரி வெட்டும் உரிமை வேறு. மூன்றுக்கும் தனித்தனிப் பிறப்பு, தனித்தனி முடிவு. நீங்கள் பார்த்த ஆண்டுகள் எல்லாமே சரிதான். எதன் ஆண்டு என்பதைத்தான் எழுதியவர்கள் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

1855 என்பது கெல்சன்கிர்ஷனில் ஹிபெர்னியா சுரங்கத்தின் ஷாஃப்ட், அதாவது செங்குத்தாக இறங்கும் குழி, தோண்டத் தொடங்கிய ஆண்டு. மல்வானி டப்ளின்காரர். மார்ச் 17, புனித பாட்ரிக் திருநாள் அன்று வேலையைத் தொடங்கினார். ஹிபெர்னியா என்பதே அயர்லாந்தின் லத்தீன் பெயர். அங்கே கரிக்கு மேல் நீர் கசியும் சுண்ணக்களி அடுக்கு கிடக்கிறது. செங்கல் சுவர் கட்டித் தண்ணீரை அடைக்கும் வழக்கமான முறையில் பல குழிகள் மூழ்கிப்போயிருந்தன. டரம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் கோல்சன் வந்து, வார்ப்பிரும்பு வளையத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளில் பைன் மரச் சில்லுகளை வைத்து ஆப்பு அடித்து இறுக்கினார். ஊறிய மரம் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஆங்கில டியூபிங் என்று ஜெர்மன் ஆவணங்களில் வருவது இதுதான். ஆணி போட்டு முறுக்கும் ஜெர்மன் டியூபிங் பிற்காலத்தது. இரண்டையும் குழப்பினால் கட்டுரையில் ஒரு பிழை உறுதி. ஹெர்னெயில் ஷாம்ராக் தொடங்கியது 1857இல்.

இந்தக் கட்டத்தில் இவை பங்குச்சந்தைக் கம்பெனிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு ‘கெவெர்க்ஷாஃப்ட்’. இன்றைய அகராதியில் இந்தச் சொல்லுக்குத் தொழிற்சங்கம் என்று போட்டிருப்பார்கள். தானியங்கி மொழிபெயர்ப்பு எப்போதும் இங்கே வழுக்கி விழும். பழைய சுரங்கச் சட்டத்தில் அது பங்காளிகளின் கூட்டு. அதன் பங்குக்குக் குக்ஸ் என்று பெயர்.

1873 தான் ஹிபெர்னியாவும் ஷாம்ராக்கும் சேர்ந்து பங்குக் கம்பெனியான ஆண்டு. பிரஷ்யப் பகுதியில் பங்குக் கம்பெனி தொடங்க அரசின் தனி அனுமதி வேண்டும் என்ற விதி 1870இல் நீங்கியது. அதன் பிறகுதான் இப்படிப்பட்ட கம்பெனிகள் காளான்போல முளைத்தன. எமில் கிர்டோர்ஃப் நிர்வாகத்துக்கு வந்த கெல்சன்கிர்ஷன் சுரங்கக் கம்பெனியும் 1873தான்.

1904இல் பிரஷ்ய அரசு டிரெஸ்ட்னர் வங்கி மூலமாக ஹிபெர்னியா பங்குகளைச் சத்தமில்லாமல் வாங்கத் தொடங்கியது. செய்தி கசிந்ததும் மற்ற வங்கிகளும் ரூர் முதலாளிகளும் ஒன்றுசேர்ந்து, மூலதனத்தை உயர்த்தி, மிச்சப் பங்குகளைத் தனிக் கம்பெனி ஒன்றில் பூட்டிவைத்தார்கள். அரசுக்குக் கிடைத்தது பாதிக்குச் சற்றுக் குறைவு. வர்த்தக அமைச்சர் தியோடோர் மோலர் அடுத்த ஆண்டே பதவி விலகினார். பெரும்பான்மை அரசின் கைக்கு வந்தது 1917இல்தான். 1929இல் வேபா என்ற அரசுக் குழுமத்துக்குள் போனது. 1935இல் ரெக்லிங்ஹௌசன் அரசுச் சுரங்கக் கம்பெனியோடு இணைந்தது. உங்கள் மூன்றாவது ஆண்டு இதுதான். அந்த இணைப்பில் கிளாட்பெக்கில் இருந்த மோலர் சுரங்கமும் உள்ளே வந்தது. பெயர் அந்த அமைச்சருடையதேதான்! அமைச்சரால் பிடிக்க முடியாத கம்பெனியை அவர் பெயர்கொண்ட சுரங்கம் உள்ளே புகுந்து பிடித்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்பே, 1925இல், ஹிபெர்னியா சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. பெயர் கொடுத்த சுரங்கம் போன பிறகும் கம்பெனி அதே பெயரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கரி எடுத்தது. எனவே 1950களின் கடிதத்தில் ‘ஹிபெர்னியா’ என்று வந்தால் அது ஹெர்னெயில் இருந்த தலைமையகம். கெல்சன்கிர்ஷன் குழி என்று எண்ணி எழுதிவிடாதீர்கள்.

ரூர்க் கம்பெனிகளை ஒன்றாக்க எசன் நகரைத் தலைமையிடமாகக்கொண்டு ரூர்கோலெ நிறுவப்பட்டது 1968 நவம்பர் 27. ஹிபெர்னியாவின் சுரங்கங்கள் 1969இல் அதனிடம் போயின. வேபா 2000இல் வியாக் குழுமத்தோடு சேர்ந்து ஏஆன் ஆனது. கரி ஒருபக்கம், பங்கு ஒருபக்கம் என்று வாரிசு இரண்டாகப் பிரிந்த இடம் இது. ஆவணம் தேடும்போது மறக்கவே கூடாது.

எரின் விஷயம் சுலபம். காஸ்ட்ராப்பில் இருந்த எரினை மல்வானி 1866இல் தொடங்கிய வேறொரு கம்பெனியில் சேர்த்தார். அது 1877இல் திவாலானது. எரின் பிறகு கெல்சன்கிர்ஷன் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. ஹிபெர்னியா பட்டியலில் அது இல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. திவாலான அந்தக் கம்பெனியின் பெயர் ‘பிரஷ்யச் சுரங்க உருக்காலைப் பங்குக் கம்பெனி’. 1923இல் அரசு தொடங்கிய ப்ராய்சாக் கம்பெனியின் முழுப் பெயரும் அதுவே. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. தேடுபொறி இரண்டையும் கலந்துதான் கொட்டும். 1877க்கு முன்னா, 1923க்குப் பின்னா என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கல்லெழுத்து:

மேலே சொன்ன கிளைபிரிவைக் கையில் வைத்துக்கொண்டால் ஆவணம் தேடுவது பாதி முடிந்த மாதிரி. பெயரை வைத்துத் தேடாதீர்கள். அந்தத் தாளை எந்த அலுவலகம் எழுதியது, எந்த அலுவலகம் வாங்கிக் கோப்பில் வைத்தது என்று கேளுங்கள். ஜெர்மன் காப்பகங்கள் கோப்புகளைப் பொருள்வாரியாக அடுக்குவதில்லை, உருவாக்கிய அலுவலகம்வாரியாகத்தான் அடுக்கும். ஹிபெர்னியா பற்றிய தாள்கள் ‘ஹிபெர்னியா’ என்ற தலைப்பில் மட்டுமே இருக்கும் என்று நினைத்தால் முக்கால்வாசி கைநழுவிப் போகும்.

கம்பெனி தானே எழுதியவை, அதாவது கூட்டக் குறிப்புகள், ஆண்டறிக்கைகள், சுரங்க நிர்வாகங்களுடனான கடிதங்கள் எல்லாம் போஹும் நகரில் உள்ள சுரங்கத்துறை ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஜெர்மன் சுரங்க அருங்காட்சியகத்தின் பகுதி அது. 2001 முதல் மொன்டான்டாக் என்ற மையத்தின் கீழ் இயங்குகிறது. தொடங்கியதே 1969. சுரங்கங்கள் வரிசையாக மூடிக்கொண்டும் ரூர்கோலெயில் கரைந்துகொண்டும் இருந்தபோது பழைய கம்பெனிகளின் தாள்கள் குப்பைக்குப் போகாமல் இருக்கவே உருவானது. கெல்சன்கிர்ஷன் கம்பெனியின் தொகுப்பும், 1893இல் எசனில் தொடங்கிய ரைன்-வெஸ்ட்ஃபாலியக் கரி விற்பனைக் கூட்டமைப்பின் தொகுப்பும் அங்கேயே இருப்பதால் எரின் கதையையும் அதே இடத்தில் தேடலாம்.

கம்பெனியை மேற்பார்த்த அரசு எழுதியவை வேறிடம். டோர்ட்மண்ட் உயர் சுரங்க அலுவலகமும் அதன் கீழிருந்த வட்டார அலுவலகங்களும் விட்டுச்சென்ற கோப்புகள் வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலக் காப்பகத்தின் முன்ஸ்டர் பிரிவில் உள்ளன. இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1865 ஜூன் 24ஆம் தேதிய பிரஷ்யச் சுரங்கச் சட்டப்படி, ஒவ்வொரு சுரங்கமும் வேலைத்திட்டம் ஒன்றை எழுதி வட்டார அதிகாரியின் ஒப்புதல் வாங்க வேண்டும். எந்தத் தளத்தில் எந்த அடுக்கு, காற்றோட்டம் எப்படி, பம்பு எத்தனை என்று எல்லாம் அதில் வரும். கம்பெனியின் சொந்தப் பிரதி காணாமல் போயிருந்தாலும் அதிகாரியின் பிரதி பெரும்பாலும் பிழைத்திருக்கும். விபத்து விசாரணைக் கோப்புகளும் இங்கேதான்.

இதற்கும் முந்திய காலத்தில் நிலைமையே வேறு. 1851இல் புதிய சட்டம் வரும்வரை சுரங்கத்தை அரசு அதிகாரிதான் நடத்துவார். எவ்வளவு வெட்டுவது, என்ன விலை, எத்தனை ஆள் என்று அவரே முடிவு செய்வார். உரிமையாளர் பணம் போடுவார், லாபம் வந்தால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாடு 1851 முதல் 1865 வரை படிப்படியாகத் தளர்ந்தது. ஹிபெர்னியா இந்த இடைவெளியில் பிறந்தது. எனவே அதன் முதல் பத்தாண்டுக்கு அரசுக் கோப்பையும் தனியார் கோப்பையும் அருகருகே வைத்துத்தான் படிக்க வேண்டும்.

1904 பங்கு விவகாரத்தை இந்த இரண்டு இடத்திலும் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அது பெர்லினில் நடந்த காரியம். பெர்லின்-டாலெமில் உள்ள பிரஷ்ய இரகசிய அரசுக் காப்பகத்தில், வர்த்தகத் தொழில் அமைச்சகத்தின் சுரங்க நிர்வாகத் தொகுப்பைக் கேளுங்கள். அதன் குறியீடு முதல் பிரிவு, ரெப்போசிட்டூர் (கோப்புத் தொகுதி) 121. 1918க்குப் பிந்திய நிதியமைச்சகக் கோப்புகளுக்குப் பெர்லின்-லிஷ்டர்ஃபெல்டெ கூட்டாட்சிக் காப்பகத்தில் ஆர் 2 என்ற குறியீடு கொண்ட தொகுப்பு.

இருந்த இடத்திலிருந்தே பார்க்கக் கிடைப்பவையில் எனக்கு முதலிடம் ஜெர்மன் அரசிதழுக்குத்தான். பங்குக் கம்பெனிகள் பொதுக்குழு அழைப்பு, வரவு செலவு, ஈவுத்தொகை அறிவிப்பு எல்லாவற்றையும் அதில் வெளியிட்டாக வேண்டும். மான்ஹைம் பல்கலைக்கழகம் 1945 வரையிலான இதழ்களை மின்னாக்கி, சொல் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. பழைய கோத்திக் அச்சு என்பதால் எழுத்துணரி நீள ‘எஸ்’ஸை ‘எஃப்’ என்று படித்துவிடும். ‘எஸ்’ வருகிற சொல்லை ‘எஃப்’ போட்டும் ஒருமுறை தேடுங்கள். அடுத்தது ‘இருபதாம் நூற்றாண்டுப் பத்திரிகைக் கோப்பு’ என்ற தொகுப்பு: ஹாம்பர்க்கில் வெட்டி ஒட்டப்பட்ட நாளிதழ்த் துண்டுகள், கம்பெனிவாரியாக. 1949 வரை மின்னாக்கம் ஆகியிருக்கிறது.

காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது “ஹிபெர்னியா பற்றி என்ன இருக்கிறது” என்று கேட்டால் “நிறைய இருக்கிறது, நேரில் வாருங்கள்” என்றுதான் பதில் வரும். சுரங்கம், ஆண்டு வரம்பு, ஆவண வகை மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். “ஷாம்ராக் 3/4, 1900 முதல் 1910 வரை, வேலைத்திட்டங்கள்” என்பது போல. பட்டியலை இணையத்தில் முதலில் பார்த்து, கோப்பின் முழுக் குறியீட்டையும் கொடுத்தால் பிரதி எடுப்பதற்கான செலவைச் சொல்லியே பதில் வரும். ஒரு கோப்பு என்பது இருநூறு முந்நூறு தாள் கொண்ட கட்டு. தலைப்பை மட்டும் பார்த்து முழுக்கட்டையும் ஸ்கேன் செய்யச் சொல்லிவிடாதீர்கள்.

பழுப்பேடு:

இருவருக்கும் நன்றி. “ஷாம்ராக் 3/4” என்றால் முக்கால் பங்கு உரிமை என்று குறித்து வைத்திருந்தேன், தவறா? உற்பத்தி எண்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தராசுமுள்:

தவறுதான். மூன்றாவது, நான்காவது ஷாஃப்ட்கள் என்று பொருள். பிரஷ்யாவில் ஒரு சுரங்கத்துக்குக் குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும் என்பதால் ஷாஃப்ட்கள் ஜோடி ஜோடியாக வரும்: ஒன்றில் காற்று இறங்கும், மற்றதில் ஏறும். 1/2, 3/4 என்று எழுதுவது அந்த ஜோடியை ஒரு வேலைப் பிரிவாகக் கருதித்தான். சில ஆவணங்களில் ரோமன் எண்ணில் இருக்கும்.

உற்பத்திக்கு வருவோம். 1860களின் எண்கள் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அலகு. ரூரில் மூன்று அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த பத்தியில்கூட வரும்.

முதலாவது பழைய பிரஷ்ய ‘டோனெ’. பெயரைப் பார்த்து டன் என்று நினைத்தால் கெட்டது. அது எடை இல்லை, கொள்ளளவு. நம் மரக்கால், படி மாதிரி. 4 ஷெஃபல் சேர்ந்தால் ஒரு டோனெ. ஒரு ஷெஃபல் ஏறக்குறைய 54.96 லிட்டர், ஆக டோனெ சுமார் 220 லிட்டர். கரியின் தன்மை, கட்டியா தூளா என்பதைப் பொறுத்து அதன் எடை ஏறத்தாழ 180 முதல் 200 கிலோ. அதை 1,000 கிலோ டன்னாகப் படித்தால் உற்பத்தி ஐந்து மடங்காக ஊதிவிடும். இரண்டாவது ட்ஸென்ட்னர், 50 கிலோ. 20 ட்ஸென்ட்னர் ஒரு டன். 1860களின் உங்கள் எண் இருபதால் வகுத்தால் நியாயமாக அமர்கிறதா பாருங்கள். மூன்றாவது மெட்ரிக் டன். 1872 ஜனவரி 1 முதல் மெட்ரிக் அளவை கட்டாயம். அட்டவணைத் தலைப்பில் சின்னதாக ஒரு ‘டி’ அல்லது ‘ட்ஸெட்டிஆர்’ நிற்கும். பிரதி எடுத்தவர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான். பக்கத்தை வெட்டி எடுக்கும்போது தலைப்பு வரியோடு சேர்த்து எடுங்கள்.

ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள் என்பது வேறு சிக்கல். மேலே ஏறிய மொத்தம் ஒன்று, கல்லும் கழிவும் நீங்கி விற்கத் தகுந்த கரி ஒன்று, விற்பனைக் கூட்டமைப்பிடம் கொடுத்த அளவு ஒன்று. கொதிகலனில் தானே எரித்த கரி, தன் உலையில் கோக் ஆக்கிய கரி இவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் மூன்றாவது எண் வரும். ஆண்டறிக்கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. செய்தித்தாளில் வருவது எதுவாகவும் இருக்கலாம். கூட்டமைப்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் வைத்த ஒதுக்கீட்டு எண்ணை உற்பத்தி என்று எழுதிவிடுபவர்களும் உண்டு. அது விற்க அனுமதித்த உச்ச அளவு, உண்மையில் வெட்டியது இல்லை.

நிதியாண்டையும் கவனியுங்கள். தனியார் கம்பெனிக்கு ஜனவரி முதல் டிசம்பர். பிரஷ்ய அரசு நிர்வாகத்துக்கு ஏப்ரல் 1இல் ஆண்டு தொடங்கும். ரெக்லிங்ஹௌசன் அரசுச் சுரங்கங்களின் எண்ணையும் ஹிபெர்னியாவின் எண்ணையும் அப்படியே கூட்டினால் மூன்று மாதம் இடறும்.

சில ஆண்டுகளில் எண் திடீரென்று விழும். எழுத்துப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். 1889 மே வேலைநிறுத்தம், 1905 ஜனவரியில் சுமார் இரண்டு லட்சம் பேர் இறங்கிய வேலைநிறுத்தம், 1912 மார்ச் வேலைநிறுத்தம் எல்லாம் அட்டவணையில் பள்ளமாகத் தெரியும். ஆழமான பள்ளம் 1923. அந்த ஜனவரியில் பிரான்ஸ், பெல்ஜியப் படைகள் ரூரைப் பிடித்தன. செப்டம்பர் இறுதிவரை ஒத்துழையாமை நடந்தது.

பணக் கணக்கு ஒரு வார்த்தை. பழைய நாணயமான தாலரில் இருந்தால் 3ஆல் பெருக்கி மார்க் ஆக்குங்கள். ஒரு தாலருக்கு 30 வெள்ளி க்ரோஷன், ஒரு க்ரோஷனுக்கு 12 பெனிக். 1923இன் இருப்புநிலை அறிக்கையை வைத்து எந்த ஒப்பீடும் செய்யாதீர்கள், அதில் இருப்பவை கோடிகோடியான காகித எண்கள் (கடைசியில் 1 லட்சம் கோடி பழைய மார்க்குக்கு 1 ரென்டன்மார்க்). 1924இல் எல்லாக் கம்பெனிகளும் தங்க மார்க்கில் புதிதாகத் தொடக்க இருப்புநிலை எழுதின. 1948 நாணய மாற்றத்துக்குப் பிறகு டாய்ச்மார்க்கில் மறுபடியும். இந்த இரண்டு கோடுகளைத் தாண்டி வரைபடம் இழுக்கக் கூடாது.

கல்லெழுத்து:

தராசுமுள் சொன்னதோடு ஒன்று: கையெழுத்துக் கோப்புகளில் எண்களைவிடத் தேதிகள் அதிகம் ஏமாற்றும். ‘7பெர்’ என்று இருந்தால் ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்டம் ஏழு. அதே கணக்கில் 8பெர் அக்டோபர், 9பெர் நவம்பர், எக்ஸ்பெர் டிசம்பர். தேதிக்குப் பக்கத்தில் ‘ஸி’ அல்லது ‘ஏ. ஸி’ என்றால் நடப்பு ஆண்டு. அந்தக் கடிதத்தின் தலையில் ஆண்டு இல்லையென்றால் கோப்பில் முன்பின் தாளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

குரன்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘இ’யும் ‘என்’னும் இரட்டைப் பிள்ளைகள். ‘யு’வுக்கு மேலே ஒரு வளைவு போடுவார்கள், அதை வைத்து ‘என்’னிலிருந்து பிரிக்கலாம். ‘எம்’, ‘என்’ மேல் நேர்க்கோடு இருந்தால் அந்த எழுத்து இரண்டு முறை. 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் வந்த ஸூட்டர்லின் கையெழுத்து முறை உருண்டையாக இருக்கும். அதைப் பழகிக்கொண்டு 1860களின் குமாஸ்தா எழுத்துக்குப் போனால் தடுமாற்றம்தான். டிரான்ஸ்க்ரிபுஸ் போன்ற மென்பொருள் முதல் வாசிப்புக்கு உதவும். ஆனால் சுரங்கச் சொற்களிலும் ஊர்ப் பெயர்களிலும் அது தைரியமாகப் பொய் சொல்லும். அச்சிட்ட ஓர் ஆண்டறிக்கையிலிருந்து அதே சுரங்கத்தின் ஷாஃப்ட், அடுக்கு, அதிகாரி பெயர்களைப் பட்டியலிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

கிடைக்கோடு:

வரைபடத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நிறுவன வரலாறு எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கம்பெனி எங்கே எவ்வளவு வெட்டியது என்பதற்கு வேறெந்தத் தாளும் இதற்கு ஈடில்லை.

1865 சட்டப்படி உரிமம் பெற்ற சுரங்க நில அளவர் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் வரைபடத் தொகுப்பு ஒன்றை வைத்திருக்க வேண்டும், இரண்டு பிரதிகள். ஒன்று சுரங்கத்தில், மற்றது அரசு அலுவலகத்தில். மாநிலச் சுரங்க அலுவலகம் 2001இல் ஆர்ன்ஸ்பெர்க் மாவட்ட நிர்வாகத்துக்குள் போனதால், வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் இன்று அதை வைத்திருப்பது அந்த நிர்வாகத்தின் சுரங்க, ஆற்றல் பிரிவு, அலுவலகம் டோர்ட்மண்டில். மூடிய சுரங்கத்தின் மேல் வீடு கட்டுபவர்களுக்கு இன்றும் இந்த வரைபடம்தான் கதி, எனவே இதை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

ஒரு தொகுப்பைத் திறந்தால் முதலில் தரைமட்டத் தாள்: வீடு, சாலை, ரயில் பாதை, உரிம எல்லை. பிறகு தளத்துக்கு ஒன்று, கரி அடுக்குக்கு ஒன்று, குறுக்குவெட்டு சில. அடுக்குத் தாளில் வெட்டி முடித்த பரப்பை வண்ணம் பூசி, ஓரத்தில் மாதமும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். அந்தச் சின்னத் தேதிகளைத் தொடர்ந்து போனால் வெட்டுமுகம் மாதத்துக்கு எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று விரலால் அளக்கலாம். நகர்வு ஓரிடத்தில் நின்று, நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி மறுபடி தொடங்கினால் அங்கே பாறைப் பிளவு இருந்திருக்கும். வேலைநிறுத்தம் என்றால் இடம் அப்படியே இருக்கும், தேதி மட்டும் தாவும்.

வாசிப்பில் மூன்று இடங்களில் சறுக்கும். ஆழம் முதலாவது. ‘டாய்ஃபெ’ என்றால் குழிவாயிலிருந்து கீழே. ‘என்என்’ என்றால் கடல்மட்டக் குறியிலிருந்து. தரை கடல்மட்டத்துக்கு 60 மீட்டர் மேலே இருந்தால் 300 மீட்டர் டாய்ஃபெயும் மைனஸ் 240 என்என்னும் ஒரே இடம். இந்தக் கடல்மட்டக் குறி 1879க்குப் பிறகுதான், அதற்கு முந்திய தாளில் குழிவாயைத்தான் நம்ப வேண்டும். நீளம் பழைய சுரங்க அலகான லாக்டர் கணக்கில் இருந்தால் ஒன்று 2.092 மீட்டர். உரிமப் பரப்புக்கு 1865 சட்டம் வைத்த உச்சவரம்பு 5,00,000 சதுர லாக்டர், சுமார் 2.19 சதுர கிலோமீட்டர். உங்கள் குறிப்பில் ஓர் உரிமப் பரப்பு 2.19 என்று திரும்பத் திரும்ப வந்தால் காரணம் இதுவே.

இரண்டாவது திசை. பழைய தாள்கள் காந்த வடக்கை வைத்து வரைந்தவை. காந்த வடக்கோ ஆண்டுக்கு ஆண்டு நகரும். திசையை ‘ஹோரா’வில் எழுதியிருப்பார்கள்: வட்டத்தை 24ஆகப் பிரித்தது, ஒரு ஹோராவுக்கு 15 பாகை. 1860களின் தாளை இன்றைய வரைபடத்தின் மேல் நேராகப் போட்டால் சாய்ந்து நிற்கும். ஷாஃப்டின் மையப் புள்ளியையும் தரைமட்டத் தாளில் உள்ள தேவாலயம் போன்ற இன்னொரு நிலைப்புள்ளியையும் பிடித்துச் சுழற்றுங்கள்.

மூன்றாவது அடுக்குகளின் பெயர். தொடக்கத்தில் ஒவ்வொரு சுரங்கமும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தது. எண் மட்டும் கொடுத்தவர்களும் உண்டு. காத்தரீனா, சோனன்ஷைன், மவுஸகாட் என்று ரூர் முழுக்க ஒரே பெயர் வழங்குவது பிற்பாடு வந்த ஒழுங்கு. ஷாம்ராக்கில் ஓர் அடுக்குக்கு இருந்த எண்ணை வைத்து அடுத்த சுரங்கத்தில் அதே எண்ணைத் தேடினால் வேறு அடுக்கில் போய் நிற்பீர்கள்.

தராசுமுள்:

ஆட்களைப் பற்றியும் கட்டுரையில் வரும் என்றால்: தொழிலாளர் பெயர்ப் பட்டியலைக் கம்பெனித் தொகுப்பில் எதிர்பார்க்க வேண்டாம். கூலிப் புத்தகங்களில் பிழைத்தவை குறைவு. சுரங்கத் தொழிலாளர் காப்பு நிதியான க்னாப்ஷாஃப்ட் பக்கம் தேடுவதே மேல். ரூரில் இருந்த மூன்று நிதிகள் 1890இல் போஹும் தலைமையில் ஒன்றாயின; 1924 முதல் நாடு முழுமைக்கும் ஒன்று. பிரஷ்யாவின் கிழக்குப் பகுதிகளான மசூரியாவிலிருந்தும் போசனிலிருந்தும் வந்தவர்களின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், பலர் பிற்பாடு ஜெர்மன் பெயருக்கே மாறினார்கள். ஒரே ஆள் நான்கு எழுத்துக்கூட்டலில் வருவார். பிறந்த தேதியை வைத்துப் பிடியுங்கள்.

மாநிலக் காப்பகத்தில் தனிநபர் கோப்புக்கு வரம்பு உண்டு: இறந்து 10 ஆண்டு, இறந்த தேதி தெரியாவிட்டால் பிறந்து 100 ஆண்டு.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தைத் தொடும்போது கட்டாய உழைப்பை விட்டுவிடாதீர்கள். சோவியத் போர்க்கைதிகளும் கிழக்கிலிருந்து இழுத்து வரப்பட்டவர்களும் ரூர்ச் சுரங்கங்களில் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்ய வைக்கப்பட்டார்கள். அதைப் பற்றிக் கம்பெனி ஆண்டறிக்கை “உற்பத்தி நிலைநிறுத்தப்பட்டது” என்ற தோரணையில் கடந்துபோகும். பெயர்கள், நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ஆரோல்சன் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் பெரும்பகுதியை இணையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சுரங்கப் பெயரைவிட முகாம் இருந்த ஊரின் பெயரைப் போட்டால் பலன் அதிகம்.

மூன்றாம்தளம்:

ஷாம்ராக்குக்காக ஒரு சேர்க்கை. 1906 மார்ச் 10 அன்று பிரான்சில் கூரியேர் சுரங்கம் வெடித்து 1,099 பேர் இறந்தபோது, மூச்சுக் கருவிகளோடு போன ஜெர்மன் மீட்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஷாம்ராக்கின் இயக்குநர் கேயோர்க் ஆல்பிரெக்ட் மேயர். ஹிபெர்னியாவின் பெயர் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் ஏராளமாக வரும் காலம் அது. ஜெர்மன் மொழியில் மட்டும் தேடினால் இது விடுபடும்.

பழுப்பேடு:

கடைசியாக ஒன்று. பழைய பங்குப் பத்திரங்கள் விற்பனைக்கு வருகின்றன. ஹிபெர்னியா என்று போட்ட குக்ஸ் பத்திரம் ஒன்றும் கண்ணில் பட்டது. கட்டுரைக்குப் படமாக வைக்கலாமா?

கல்லெழுத்து:

தேதியைப் பாருங்கள். 1873க்குப் பிறகு கம்பெனி வெளியிட்டது பங்குப் பத்திரம்தான், குக்ஸ் அல்ல. அதற்குப் பிந்திய தேதியோடு குக்ஸ் என்று இருந்தால் அது வேறொரு சுரங்கத்தின் தாளாக இருக்கும், பெயரை நன்றாகப் படியுங்கள். பழைய சட்டத்தில் ஒரு சுரங்கத்துக்கு 128 குக்ஸ். 1865க்குப் பின் 100, அல்லது அனுமதியோடு 1,000. பத்திரத்தில் கீழெண் 128ஆகப் பின்னம் இருந்தால் பழைய முறை. குக்ஸ் பத்திரம் ஆள் பெயருக்கே எழுதப்படும், கைமாறினால் சுரங்கத்தின் பங்காளிப் பேரேட்டில் பதிய வேண்டும். பங்கைப் போல முகமதிப்பும் அதில் இராது. சுரங்கம் பணம் கேட்டால் குக்ஸ் வைத்திருப்பவர் தன் பங்குக்குக் கட்டியாக வேண்டும், லாபம் வந்தால் அதே வீதத்தில் கிடைக்கும்.

பங்குப் பத்திரம் இரண்டு தாளாக வரும். முதல் தாள் உரிமையைச் சொல்வது, இரண்டாவது ஈவுத்தொகைக் கூப்பன்கள். கூப்பன் தாளில் எந்த எண்வரை கத்தரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஈவு வாங்கிய கடைசி ஆண்டு அதிலேயே தெரியும். ஓட்டை போட்டிருந்தால் ரத்தானது. ஓட்டை இல்லாவிட்டாலும் செல்லாது, 1949 பத்திரச் சீரமைப்புச் சட்டத்தோடு பழைய தாள்களின் காலம் முடிந்தது. படமாக வைப்பதென்றால் முன்பக்கம் மட்டும் போதாது. பின்பக்க முத்திரைகளையும் எடுங்கள், முகமதிப்பை ரைஷ்மார்க்காக மாற்றியதற்கான முத்திரை அங்கேயும் இருக்கலாம்.